வாகனம்: ரேடியேட்டரில் காபி

என்ஜினைக் கொல்வது வெயிலும் மேடும் அல்ல. மூடியைத் திறந்து ஊற்றும் அந்த ஒரு பாட்டில் தண்ணீர்தான்.

பங்காருப்பேட்டையில் பிரியும் கிளை ரயில் பாதை மாரிகுப்பத்தில் முடிந்துபோகிறது. 1894-ல் தங்கச் சுரங்கத்துக்காகப் போட்ட பாதை. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. பிழைப்புக்காகத் தினமும் பெங்களூரு போய்த் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களை அது சுமக்கிறது. ரயில் எட்டாத இடங்களுக்கு வேன், மினி லாரி, வாடகை கார். சுரங்கத்தை நம்பியிருந்த ஊரில் ஸ்டியரிங் பிடிப்பதும் ஒரு பிழைப்பாயிற்று.

அப்படி ஒரு வேனை எண்ணிப் பாருங்கள். ஆன்டர்சன்பேட்டைப் பக்கம் ஆள் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது வெப்ப முள் மேலே போகிறது. டிரைவர் ஓரம் கட்டுகிறார். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, துணி சுற்றி மூடியைத் திறந்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் பாட்டிலை எடுத்து ஊற்றுகிறார். தெருமுனை போர்வெல் தண்ணீர். முள் இறங்குகிறது, வண்டி கிளம்புகிறது. அடுத்த வாரம் மறுபடியும். ஒரு மாதம் கழித்து மூடியைத் திறந்தால் உள்ளே பால் காபி மாதிரி ஏதோ மிதக்கிறது. மெக்கானிக் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "ஹெட்டை இறக்கணும்ப்பா."

இரண்டு வாரத்துக்கு வண்டி ஓடாது. வண்டிக் கடன் தவணை மட்டும் நிற்காமல் ஓடும். டிரைவரைக் கேட்டால் வெயில் என்பார், மேடு என்பார், பழைய வண்டி என்பார். தண்ணீரைக் குற்றம் சொல்ல மாட்டார். தண்ணீர் என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. குளிர்வித்தல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கோலார் தங்க வயலுக்கு நன்றாகத் தெரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்புவதற்கென்றே மேலே இயந்திரங்கள் ஓடின. அது சொகுசுக்கு அல்ல. அது இல்லாவிட்டால் அந்த ஆழத்தில் மனிதன் வேலை செய்ய முடியாது.

வேனின் என்ஜின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். சிலிண்டருக்குள் எரியும் வாயு 2,000 டிகிரியைத் தொடுகிறது. எரிபொருளில் இருக்கும் வெப்பத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ரேடியேட்டர்தான் வெளியே தள்ள வேண்டும். அதைச் சுமந்து செல்லும் திரவத்துக்கு மூன்று வேலைகள். வெப்பத்தைக் கடத்த வேண்டும். கொதித்துவிடக் கூடாது. தான் ஓடும் உலோகத்தை அரிக்கக் கூடாது.

முதல் வேலையில் தண்ணீரை அடிக்க ஆள் இல்லை. இரண்டாவதில் அது தடுமாறுகிறது. கோலார் தங்க வயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்துகிறது. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடுதலாகக் கிடைக்கிறது. கூலன்ட் என்று டப்பாவில் விற்பது இந்தக் கிளைக்காலும், துரு தடுக்கும் சில ரசாயனங்களும், கொஞ்சம் சாயமும் சேர்ந்ததுதான். 'நம் ஊரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?' என்பவர்கள் மறப்பது மூன்றாவது வேலையை. துரு தடுக்கும் அந்த ரசாயனம்தான் டப்பாவில் இருக்கும் உண்மையான சரக்கு. வெறும் தண்ணீரை ஊற்ற ஊற்ற அது நீர்த்துப்போகிறது.

அடுத்த கேள்வி, எந்தத் தண்ணீர்? கோலார் மாவட்டத்தில் போர்வெல்கள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போவது சர்வசாதாரணம். கருங்கல் பாறைகளுக்கு நடுவே நெடுங்காலம் தங்கிய நீர் உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும் பழைய செய்தி. அதனால்தான் ஊர் ஊராக ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. குடிக்கக் கேன் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர்வெல் என்று மக்கள் பிரித்துக்கொண்டார்கள். ரேடியேட்டர் 'மற்றதில்' சேர்ந்துவிட்டது.

சேர்க்கக் கூடாத இடம் அது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதி உண்டு. கனரக டீசல் என்ஜின் தயாரிப்பாளர்கள் கூலன்டில் கலக்கும் தண்ணீருக்கு வைக்கும் உச்சவரம்பு 170. குளோரைடில் வித்தியாசம் இன்னும் பெரிது. குடிநீருக்கு 250 மில்லிகிராம், என்ஜினுக்கு 40. மனிதன் குடிக்கலாம் என்று சட்டம் சொல்லும் தண்ணீரை என்ஜின் குடிக்க முடியாது.

கணக்கு எளிது. கொதித்து ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். 600 மில்லிகிராம் கடினத் தண்ணீரைத் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 18 கிராம் சுண்ணாம்பு. அது போய் ஒட்டுவது என்ஜினின் மிகச் சூடான இடத்தில், சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி. இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம். ஒரு மில்லிமீட்டர் படிவு சில சென்டிமீட்டர் கனமான இரும்புச் சுவருக்குச் சமம். ஆக, சூடு குறையட்டும் என்று ஊற்றிய தண்ணீரே சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஹெட் கோணுகிறது, கேஸ்கட் விட்டுவிடுகிறது, காபி கலக்கிறது.

ஆனால் காபி ஒன்றுதான் அறிகுறி என்று நினைக்கக் கூடாது. கூலன்ட் கெடுவதற்குப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் நிறத்தைக் காட்டிக்கொடுக்கிறது. காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போது மூடியைத் திறந்து ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

செங்கல் கரைத்த மாதிரி இருந்தால் துரு. துரு தடுக்கும் சக்தி தீர்ந்துவிட்டது, அல்லது முதலிலிருந்தே வெறும் தண்ணீர்தான் ஓடியிருக்கிறது. மூடியின் கழுத்தில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் கடின நீர். கஞ்சி போலக் கெட்டியாக, கோந்து மாதிரி இருந்தால் சேராத இரண்டு கூலன்டுகள் கலந்திருக்கக் கூடும். பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு என்று நிறம் பார்த்து ஊற்றுவது பரவலான வழக்கம். நிறம் வெறும் சாயம். எந்த நிறத்தில் எந்த ரசாயனம் என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லை. வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகைதான் கணக்கு. எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்புவதே பத்திரம்.

மஞ்சளாக, அடியில் வண்டல் தெரிந்தால் கூலன்டைச் சந்தேகிக்க வேண்டாம். சமையலறையைச் சந்தேகிக்கலாம். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது இந்தியச் சாலைகளின் பழைய வைத்தியம். ஓட்டை அடைபடும், உண்மைதான். ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சள் தூளுக்குத் தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். நடுவழியில் வீடு வந்து சேர உதவுமே தவிர, மறுநாள் காலை ரேடியேட்டர் கடைக்குப் போயாக வேண்டும்.

இனி காபி. எண்ணெய் கலந்தால்தான் இந்த நிறம் வரும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதுதான் ஆயிரக்கணக்கான ரூபாய் கேள்வி. ஹெட் கேஸ்கட் விட்டிருக்கலாம். ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் இருக்கலாம். ஆயில் கூலர் உள்ளே உடைந்திருக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் கியர் ஆயில் கூலரும் காரணமாகலாம். 'காபி தெரிந்தால் ஹெட்டை இறக்கு' என்பது எல்லா நேரமும் சரியல்ல. முதலில் ஆயில் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்டின் அழுத்தத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. ஓட்டை விழுந்தால் ஆயில்தான் தண்ணீருக்குள் பாயும். என்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். சூடான கூலன்டில் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் போகலாம். ரேடியேட்டரில் காபி, கம்பியில் சுத்தமான ஆயில் என்றால் ஆயில் கூலர் மேல் சந்தேகம் வலுக்கிறது. அது ஹெட் வேலையைவிடச் சின்ன வேலை. கம்பியிலும் காபி என்றால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் உருகிப்போகும். அதற்குப் பிறகு கிராங்க்கையும் கழற்ற வேண்டிவரும்.

எண்ணெயே இல்லாமல் கேஸ்கட் போவதும் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில், என்ஜின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், ரிசர்வ் டாங்கில் விடாமல் குமிழி வந்தால், புகை வாயு தண்ணீருக்குள் நுழைகிறது என்று அர்த்தம். இதற்கு ஒரு சோதனைக் குழாய் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால், நீலத் திரவம் கரியமில வாயு பட்டு மஞ்சளாக மாறும். ஹெட்டை இறக்கும் முன் இதைக் கேட்டு வாங்குவது வண்டிக்காரரின் உரிமை.

பெரிய டீசல் என்ஜின்களுக்குத் தனியாக ஒரு வியாதி உண்டு. 1964-ல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனம் இதே கோலார் தங்க வயலில் புல்டோசர்களைச் செய்கிறது. அந்த மாதிரி கனரக என்ஜின்களிலும் பல லாரிகளிலும் சிலிண்டர் லைனரின் வெளிப்பக்கம் நேரடியாகத் தண்ணீரில் நிற்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிர்கிறது. அதன் மேல் நுண்ணிய குமிழிகள் உருவாகி உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் ஊசி குத்துவது போல உலோகத்தைப் பெயர்க்கும். நாளடைவில் லைனரில் துளை விழுந்து தண்ணீர் ஆயிலில் இறங்கும். கூலன்டில் இதற்கென்று சேர்க்கும் ரசாயனம் லைனர் மேல் மெல்லிய கவசம் போடுகிறது. கார் கூலன்டை லாரிக்கு ஊற்றும்போது அந்தக் கவசம் இல்லாமல் போகலாம். டப்பாவில் 'கனரக டீசல்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

சரி, கெட்டுவிட்டது. என்ன செய்வது? பெரும்பாலும் செய்யப்படும் தவறு, அழுக்கை முதலில் கழுவுவது. கழுவி நிரப்பிய புதுக் கூலன்ட் இரண்டே நாளில் மறுபடி காபியாகும். முதலில் காரணம், அடுத்தது பழுது, கடைசியில்தான் கழுவல். இந்த வரிசை மாறினால் காசு இரண்டு முறை செலவாகும்.

கழுவுவதிலும் முறை உண்டு. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டரின் அடித் திருகை மட்டும் திறந்தால் போதாது. பிளாக்கிலும் பல என்ஜின்களில் ஒரு திருகு உண்டு. அதைத் திறக்காவிட்டால் பழைய அழுக்கில் கணிசமான பங்கு உள்ளேயே நிற்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட வேண்டும். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்து வைக்க வேண்டும். எண்ணெயை எடுக்க, அதற்கென்று கடையில் விற்கும் நுரை வராத ரேடியேட்டர் கிளீனரை மென்னீரில் கலந்து ஊற்றி, டப்பாவில் சொன்ன நேரம் என்ஜினை ஓடவிட்டு இறக்க வேண்டும். துணி துவைக்கும் சோப்புத் தூள் நுரைத்துப் பொங்கும், நுரை இருக்கும் இடத்தில் வெப்பம் கடத்தப்படாது. காஸ்டிக் சோடா அலுமினிய ஹெட்டைத் தின்றுவிடும். மண்ணெண்ணெய், டீசல் ஊற்றிக் கழுவுவது ரப்பர் ஹோஸ்களுக்கு எமன்.

பிறகு வெறும் மென்னீர். தெளிவாக வரும்வரை இரண்டு முறையோ, ஐந்து முறையோ. எண்ணெய் ஊறி உப்பிய ஹோஸ்களைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும். புதுத் தெர்மோஸ்டாட், புது மூடி. ரிசர்வ் டாங்கைத் தனியாகக் கழற்றிக் கழுவ வேண்டும். அதன் அடியில் தங்கிய கொஞ்சம் எண்ணெயே முழுவதையும் மறுபடி கலக்கிவிடும்.

நிரப்பும்போது ஒரு சின்னக் கணக்கு. கழுவிய தண்ணீர் கொஞ்சம் எப்போதும் உள்ளே தங்கிவிடும். எனவே கலந்து ஊற்றக் கூடாது. மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றால், முதலில் 3 லிட்டர் கெட்டிக் கூலன்டை ஊற்றிவிட்டு, மீதியை மென்னீரால் நிரப்பினால் பாதிக்குப் பாதி அமைந்துவிடும். மென்னீர் என்றால் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு தண்ணீர். கிடைக்காவிட்டால், குடிக்க வாங்கும் ஆர்.ஓ. கேன் தண்ணீரும் போர்வெல்லை விடப் பல மடங்கு மேல். கடைசியாக உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஆறவைத்து ஒரு முறை மட்டம் பார்க்க வேண்டும்.

செய்யவே கூடாதவை இரண்டு. சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தம் விட்ட கணமே உள்ளிருக்கும் திரவம் ஆவியாகப் பாய்ந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். துணி சுற்றினாலும் தப்ப முடியாது. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. சூடான வார்ப்பு சட்டெனக் குளிர்ந்தால் விரிசல் விடும்.

இத்துடன் முடிந்தது என்றுதான் பட்டறையில் நினைப்பார்கள். முடியவில்லை. இறக்கிய அந்த வாளி இன்னும் தரையில் இருக்கிறது.

எத்திலீன் கிளைக்கால் லேசாக இனிக்கும். நாய் நக்கும், குழந்தை சர்பத் என்று நினைக்கும். வளர்ந்த ஒருவரைக் கொல்ல 100 மில்லி அளவே போதும். முதலில் குடித்தவர் போலத் தள்ளாட்டம். பிறகு உடலுக்குள் அது ஆக்சலேட் படிகங்களாக மாறிச் சிறுநீரகத்தை அடைக்கும். 2022 அக்டோபரில் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளின் சாவோடு தொடர்புபடுத்தி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்த இந்திய இருமல் மருந்துகளில் இருந்தது டை எத்திலீன் கிளைக்காலும் இதே எத்திலீன் கிளைக்காலும்தான். தவறிக் குடித்தவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குடித்தது கூலன்ட் என்று சொல்ல வேண்டும். மாற்று மருந்து உண்டு. நேரம்தான் முக்கியம்.

ஆகவே இறக்கியதைக் குளிர்பான பாட்டிலில் பிடித்து வைக்கக் கூடாது. சாக்கடையில் விடக் கூடாது, தெருவோர மண்ணில் கொட்டக் கூடாது. மூடியுள்ள கேனில், மேலே பெரிதாக எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். எண்ணெய் கலந்ததைப் பழைய என்ஜின் ஆயில் கேனில் சேர்த்துவிடாமல் தனியாகப் பிடித்து, அனுமதி பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் சேர்க்க வேண்டும். ஒரு வேனுக்கு ஆறு லிட்டர்தானே என்று தோன்றலாம். பட்டறை ஒன்றுக்கு வருஷத்தில் எத்தனை வேன்?

மாரிகுப்பத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. தங்கம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள். அரைத்துத் தள்ளிய மண் மட்டும் மலை மலையாக நிற்கிறது. சயனைடு மேடுகள் என்று ஊர் சொல்லும் 13 குவியல்கள், சுமார் 3.3 கோடி டன். காற்றடித்தால் புழுதி வீட்டுக்குள் வருகிறது, மழை பெய்தால் ஓடையில் இறங்குகிறது. ஓரமாகக் கொட்டியது ஓரமாகவே இருப்பதில்லை.

நாளை காலை முதல் ரயிலுக்கு ஆள் ஏற்றப் போகும் முன், வண்டி ஆறிக் கிடக்கையில் மூடியைத் திறந்து பார்க்க அரை நிமிடம் ஆகும். சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த பாட்டிலில் போர்வெல் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கேன் தண்ணீரைப் பிடித்து வைக்க இன்னும் அரை நிமிடம்.